ரெண்டு பாம்பு சுத்தின கோல் டாக்டரோடது இல்ல, தூதனோடது

கேள்வி இதுதான்: அக்கா சொந்தமா கிளினிக் ஆரம்பிக்கிறாங்க, போர்டு டிசைன் பண்றவர் ரெண்டு பாம்பு சுத்தி மேல ரெக்கை வச்ச கோல் ஒண்ணை லோகோவா போட்டு அனுப்பியிருக்கார், அதைப் பார்த்துட்டு ஃப்ரெண்டு ஒருத்தர் "இது மருத்துவச் சின்னமே இல்ல, கிரேக்கத்துல திருடனுங்க சாமியோட கோல்"னு சொல்லிட்டாராம். உண்மையா, அது எங்கேருந்துதான் வந்துச்சு?

ஃப்ரெண்டு சொன்னது முக்காவாசி சரி. மீதி கால்வாசியில தான் சுவாரசியமே இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

முதல்ல ரெண்டு கோலையும் பிரிச்சு வச்சுக்கலாம். வழுவழுன்னு ஒரு கோல், ரெண்டு பாம்பு, உச்சியில ரெக்கை இருந்தா அது ஹெர்மீஸ் கையில இருக்கிறது, ரோமாக்காரங்க மெர்குரின்னு சொன்னாங்களே அதே சாமி. கிரேக்கத்துல அதுக்கு கெரூகெயோன்னு பேரு, லத்தீன்ல கடூசியஸ். முண்டும் முடிச்சுமா ஒரு மரக்கொம்பு, அதுல ஒரே ஒரு பாம்பு, ரெக்கை எதுவும் கிடையாது, இப்படி இருந்தா அது அஸ்க்லேபியஸ் கோல், அவர்தான் வைத்தியத்துக்கு உண்டான சாமி. ரெண்டுக்கும் பாம்பைத் தவிர வேற ஒட்டும் இல்ல உறவும் இல்ல. சரியா சொன்னா ஒரு உறவு இருக்கு, பின்னாடி வர்றேன்.

ஹெர்மீஸ் கதையை ஆரம்பத்துலேருந்து பார்க்கணும்னா கிமு 6ஆம் நூற்றாண்டு வாக்குல எழுதுன ஒரு துதிப்பாட்டு இருக்கு, ஹோமர் பேர்ல வழங்குற துதிகள்ல ஒண்ணு. துதின்னு பேருதான், படிச்சா சிரிப்பு தாங்காது. அர்க்காடியாவுல கில்லினின்னு ஒரு மலை, அதுல ஒரு குகையில மாயான்னு ஒரு தேவதைக்கும் தேவர்களுக்கெல்லாம் ராஜாவான ஸீயஸுக்கும் விடியக்காலையில குழந்தை பிறக்குது, மத்தியானத்துக்குள்ள அந்தக் குழந்தை தொட்டில்லேருந்து இறங்கி வாசல்ல போன ஆமையைப் பிடிச்சு ஓட்டை எடுத்து ஆட்டு நரம்புல ஏழு தந்தி கட்டி யாழ் மாதிரி ஒண்ணு செஞ்சு வாசிக்குது, சாயங்காலம் ஆனதும் அண்ணன் அப்பல்லோவோட மாடு அம்பதைத் திருடிக்கிட்டு வருது. அதுவும் எப்படி, மாட்டை எல்லாம் பின்னாடி நடக்க விட்டு, தன் காலுக்கு இலை தழை வச்சு செருப்பு பின்னிப் போட்டுக்கிட்டு, அடி பார்த்து வர்றவனுக்கு ஒண்ணும் புரியாத மாதிரி. மறுநாள் அப்பல்லோ வந்து நிக்கிறார். இது துணிக்குள்ள சுருண்டு படுத்துக்கிட்டு, "நான் நேத்துதான் பொறந்தேன், எனக்கு மாடுன்னா என்னன்னே தெரியாது, என் பாதத்தைப் பாரு எவ்ளோ மெத்துன்னு இருக்கு"ங்குது. பஞ்சாயத்து ஸீயஸ்கிட்ட போகுது, அப்பாக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

(அப்பல்லோன்னா நமக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். பேர் பொருத்தம் ஒண்ணும் தப்பில்ல, நோயைக் கொடுக்கிறதும் தீர்க்கிறதும் ரெண்டுமே அவர் டிபார்ட்மென்ட்தான், வைத்திய சாமி அஸ்க்லேபியஸ் அவரோட மகன்தான்.)

கடைசியில சமாதானம் எப்படி ஆகுதுன்னா, குட்டிப்பயல் அந்த ஆமையோட்டு யாழை வாசிச்சுக் காட்டுறான், அப்பல்லோ மயங்கிட்டார், "அதைக் குடு, மாட்டை நீயே வச்சுக்கோ". அதோட நிறுத்தாம ஒரு தங்கக் கோலும் தர்றதா சொல்றார், செல்வமும் பாக்கியமும் தர்ற கோல், மூணு இலை வச்சது, உன்னைக் காபந்து பண்ணும்னு. அப்பல்லோடோரஸ் பேர்ல வழங்குற புராணத் தொகுப்புல இதே விஷயம் இன்னும் வெளிப்படையா வருது: அது அப்பல்லோ மாடு மேய்க்கும்போது வச்சிருந்த கோல். ஆக மூலத்துல அது ஒரு மாட்டுக்காரன் கையில இருந்த கம்பு, திருட்டு கேஸ்ல ராஜியாப் போனப்ப கை மாறுன பொருள்.

இங்க ஒண்ணு கவனிச்சீங்களா? பாம்பே இல்ல! மூணு இலைதான் இருக்கு.

இலியத், ஒடிஸி காவியங்களைப் பாடுன ஹோமர்கிட்டயும் இல்ல. இலியத்துல கடைசிக் காண்டத்துல, செத்துப்போன மகன் உடம்பைக் கேட்டு ராத்திரியில எதிரி பாசறைக்குப் போற கிழட்டு ராஜா ப்ரியமுக்கு வழி காட்ட ஹெர்மீஸ் வரும்போது கையில கோல் இருக்கு, வேண்டிய ஆளைத் தூங்க வைக்கும், தூங்குறவனை எழுப்பும், அவ்ளோதான் விவரம். ஒடிஸியோட கடைசிக் காண்டத்துல அதே கோலை வச்சு செத்தவங்க ஆவியை எல்லாம் மேய்ச்சு பாதாளத்துக்கு ஓட்டிட்டுப் போறார், அதுங்க குகை வௌவால் மாதிரி கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டே பின்னாடி போகுதுங்க. மாடு மேய்ச்ச கோல் ஆவி மேய்க்குது பாருங்க, எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அக்கா கிளினிக் போர்டுக்குப் பொருத்தமா இருக்குமான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அப்ப நிஜ வாழ்க்கையில இந்தக் கோல் என்னவா இருந்துச்சு? பேர்லயே இருக்கு. கெரூக்ஸ்னா கிரேக்கத்துல தூதன், ராஜா சொல்றதை ஊருக்குக் கூவிச் சொல்றவன், சண்டை நடுவுல எதிரிகிட்ட சேதி கொண்டு போறவன். அவன் கையில இருக்கிற கோல் கெரூகெயோன். ஹெர்மீஸ் தேவர்களோட தூதர், அதனால அவர் கையிலயும் இருக்கு. ஐரிஸ்னு ஒரு பெண் தூதர் உண்டு, பழைய ஜாடி ஓவியங்கள்ல அந்தம்மா கையிலயும் இதே கோலைப் பார்க்கலாம். அதாவது இது ஒரு சாமியோட தனிச் சொத்து இல்ல, உத்தியோகக் கோல், டவாலி கையில இருக்கிற வெள்ளித்தடி மாதிரின்னு வச்சுக்கோங்க. கிரேக்கத்தோட டோரிக் வட்டார வழக்குல கெரூக்ஸுங்கிறது காரூக்ஸ்னு இருந்துச்சு, அந்த வழியா லத்தீனுக்குப் போய் கடூசியஸ் ஆச்சு.

இந்தக் கோலைப் பிடிச்சவன் மேல கை வைக்கக் கூடாது. அனுமன் வால்ல தீ வைக்கிறதுக்கு முன்னாடி விபீஷணன் "தூதனைக் கொல்றது முறை இல்ல"ன்னு சொல்றான்ல, அதே நியாயம்தான், ஆனா கிரேக்கத்துல அதுக்குக் கையில பிடிக்கிற மாதிரி ஒரு அடையாளமே வச்சிருந்தாங்க. எவ்ளோ சீரியஸா எடுத்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுக்க ரெண்டு சம்பவம் போதும்.

ஒண்ணு துசிடிடீஸ்ங்கிற பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதுனது. கிமு 433ல கெர்கிரா தீவுக்காரங்களுக்கும் கொரிந்துக்காரங்களுக்கும் சிபோட்டாங்கிற இடத்துல கடல் சண்டை. ஏதென்ஸ் கப்பலுங்க கெர்கிரா பக்கம் வந்து நிக்குது, ஆனா ஏதென்ஸுக்கும் கொரிந்துக்கும் பேப்பர்ல இன்னும் சமாதான ஒப்பந்தம் அமல்ல இருக்கு. கொரிந்துக்காரங்களுக்கு ஏதென்ஸ் மனசுல என்ன இருக்குன்னு தெரியணும். ஒரு சின்னப் படகுல ஆளுங்களை அனுப்புறாங்க, கெரூகெயோன் இல்லாம. ஏன் இல்லாம? கோலைக் கையில எடுத்தாலே "நமக்குள்ள போர் நடக்குது"ன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கோல் இல்லாம போனா உயிருக்கு உத்தரவாதம் கிடையாது, நிஜமாவே கெர்கிரா ஆளுங்க "பிடிங்க, வெட்டுங்க"ன்னு கத்துறாங்க, ஏதென்ஸ்காரங்க பதில் மட்டும் சொல்லி அனுப்பிட்டாங்க. ஒரு குச்சி கையில இருக்கா இல்லையாங்கிறதுல இவ்ளோ அரசியல்.

இன்னொண்ணு ஹெரோடோட்டஸ்ங்கிற இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் சொல்றது, இது இன்னும் பயங்கரம். பாரசீக ராஜா டேரியஸ் கிரேக்க ஊர்களுக்கு எல்லாம் தூதர் அனுப்பி "மண்ணும் தண்ணியும் குடுங்க"ன்னு கேக்குறார், குடுத்தா அடிபணிஞ்சதா அர்த்தம். ஏதென்ஸ்ல அந்தத் தூதரைக் குற்றவாளிகளைத் தள்ளுற பள்ளத்துல தள்ளிட்டாங்க. ஸ்பார்ட்டாவுல கிணத்துல தள்ளி "மண்ணு தண்ணி ரெண்டும் அங்கயே இருக்கு எடுத்துக்கோ"ன்னுட்டாங்க. சினிமாவுல கைதட்டு வாங்குற சீன். ஆனா அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு சினிமாவுல காட்டுறதில்ல. ஸ்பார்ட்டாவுல பலி குடுத்தா சகுனமே சரியா வரல, ட்ராய் போர்ல அகமெம்னானோட தூதரா இருந்த டால்திபியஸ்ஸுக்கு அங்க ஒரு கோயில் இருந்துச்சு, அவர் கோபம்தான்னு முடிவு பண்ணாங்க. ஊரைக் கூட்டி "ஸ்பார்ட்டாவுக்காக உயிரைக் குடுக்க யாரு வர்றீங்க"ன்னு கேட்டு, ஸ்பெர்தியஸ், பூலிஸ்னு ரெண்டு பெரிய குடும்பத்து ஆளுங்க முன்வந்து பாரசீகம் வரைக்கும் போய், டேரியஸ் மகன் செர்க்ஸஸ் முன்னாடி நின்னு "உங்க தூதரைக் கொன்னதுக்குப் பதிலா எங்களைக் கொன்னுக்கோங்க"ன்னு சொன்னாங்க. செர்க்ஸஸ் மாட்டேன்னுட்டார். நீங்க பண்ண தப்பையே நானும் பண்ண மாட்டேன், உங்களைக் கொன்னு ஸ்பார்ட்டா பாவத்தைத் தீர்த்து விடவும் மாட்டேன்னு. கெட்டிக்காரர்.

சரி, பாம்பு எப்ப ஏறுச்சு?

பழைய ஜாடி ஓவியங்கள்ல இந்தக் கோலோட தலைப்பகுதி 8ங்கிற எண்ணை எழுதி மேல் வட்டத்தை மூடாம விட்ட மாதிரி இருக்கும், ஒரு வளையம், அதுக்கு மேல பிறை. பல ஓவியத்துல பாம்புன்னு சொல்றதுக்குக் கண்ணு, வாய் எதுவும் இருக்காது. காலம் போகப் போக அந்த ரெண்டு நுனியும் பாம்புத் தலை ஆகுது, உடம்பு கோலைச் சுத்துது. ரெக்கை அதுக்கும் பிற்பாடு. இதுக்குக் கதை சொன்னவர் ஹைஜீனஸ்ங்கிற பேர்ல நமக்குக் கிடைச்சிருக்கிற லத்தீன் வானவியல் நூல்காரர்: மெர்குரி அந்தக் கோலோட அர்க்காடியாவுக்குப் போற வழியில ரெண்டு பாம்பு பின்னிக்கிட்டு சண்டை போடுற மாதிரி தெரிஞ்சுது, நடுவுல கோலை வச்சார், ரெண்டும் விலகிடுச்சு, அதனால இந்தக் கோல் சமாதானத்துக்குன்னு சொன்னார். சண்டையை விலக்குறவன் தூதன், சண்டையை விலக்குற கோல் தூதனோட கோல். கதை பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டதுன்னு தெரியுது, ஆனா கச்சிதமா ஒட்டிக்கிட்டிருக்கு.

அதே கில்லினி மலையில இன்னொரு பாம்புக் கதையும் இருக்கு. டைரீசியஸ்ங்கிற குறிகாரர் ரெண்டு பாம்பு இணை சேர்றதைப் பார்த்து கம்பால அடிச்சு, உடனே பொம்பளையா மாறிட்டார், பிறகு மறுபடியும் அதே மாதிரி பாம்பைப் பார்த்துதான் ஆம்பளை ஆனார், ரோமாக் கவிஞர் ஓவிட் கணக்குல நடுவுல ஏழு வருஷம். இதுல அடிக்கிறவனுக்கு தண்டனை, ஹெர்மீஸ் கதையில விலக்குறவருக்கு பெருமை. ஒரே மலை, ஒரே காட்சி, கையில ஒரு கம்பு. ஒண்ணு சண்டைங்குது, இன்னொண்ணு சேர்க்கைங்குது.

இதுல எது சரின்னு பாம்பு தெரிஞ்சவங்களைக் கேட்டா சிரிப்பாங்க. நம்ம ஊர்ல வயக்காட்டுல நல்லபாம்பும் சாரையும் பிணையுதுன்னு கூட்டம் கூடி வேடிக்கை பார்ப்பாங்கல்ல, மேல புது வேட்டியைப் போட்டு எடுத்து பீரோவுல வச்சா பணம் சேரும்னு கூட சொல்வாங்க, அது பெரும்பாலும் ரெண்டு ஆண் சாரைப்பாம்புங்க, ஒண்ணை ஒண்ணு அமுக்கிக் கீழ தள்ளப் பார்க்கிற மல்யுத்தம். நல்லபாம்பு அங்க இல்லவே இல்ல. பார்க்க அவ்ளோ அழகா ஆடுறதால நாம சேர்க்கைன்னு நினைச்சுக்கிட்டோம். ஐரோப்பாவுலயும் இந்த மாதிரி ஆண் பாம்பு மல்யுத்தம் பண்ற இனங்கள் உண்டு. ஆக ஹைஜீனஸ் சொன்ன "சண்டை" விலங்கியல் படி சரியா வந்துடுச்சு, இத்தனைக்கும் அவர் நட்சத்திரத்தைப் பத்தி எழுத வந்தவர்.

பின்னிய பாம்புன்னு சொன்னதும் உங்களுக்கு அரசமரத்தடி நாகக்கல் ஞாபகம் வந்திருக்கும், எனக்கும் வந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல வச்சா அசந்துடுவீங்க, ஆனா பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது சொந்தம்னு ஆயிடாது, வாட்ஸ்அப்ல யாராவது "கிரேக்கம் நம்மகிட்டேருந்து சுட்டது"ன்னு அனுப்பினா ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. பாம்பு உலகம் முழுக்க இருக்கு, எங்க பிணைஞ்சாலும் இப்படித்தான் பிணையும்.

ஆனா மேற்காசியப் பக்கம் ஒரு கனமான சாட்சி இருக்கு. தெற்கு ஈராக்குல கிர்சுன்னு ஒரு சுமேரிய ஊர், இப்ப டெல்லோன்னு பேரு, அங்க பிரெஞ்சுக்காரங்க தோண்டி எடுத்த பச்சை நிறக் கல் கிண்ணம் ஒண்ணு பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல இருக்கு. லகாஷ் நாட்டை ஆண்ட குடேயா, கிமு 2100 வாக்குல, நின்கிஷ்ஸிடாங்கிற சாமிக்குக் காணிக்கையா குடுத்தது. அதுல நடுவுல ஒரு கோல், அதைச் சுத்திப் பின்னி ஏறுற ரெண்டு பாம்பு, ரெண்டு பக்கமும் ரெக்கை வச்ச டிராகன் மாதிரி காவல் மிருகம். ஹெர்மீஸ் துதி எழுதுறதுக்கு ஆயிரத்து அஞ்சூறு வருஷம் முந்தியது! 1916ல ஃப்ராதிங்ஹாம்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதை வச்சு ஹெர்மீஸே பாபிலோன் பக்கத்துப் பாம்பு சாமிதான்னு கட்டுரை எழுதினார். எதிர்ப்பக்கம் சொல்றவங்க, ஹெர்மீஸ் கோல் வெறும் ஒரு கவட்டைக் குச்சி, ரெண்டு கிளையையும் வளைச்சு முடிச்சு போட்டது, இல்லைன்னா கம்புல கட்டுன கம்பளி நாடா, அதுதான் காத்துல ஆடி ஆடி பிற்பாடு ஓவியர் கையில பாம்பாச்சுங்கிறாங்க.

என்னைக் கேட்டா, ரெண்டும் கலந்ததுதான். கோல் உள்ளூர்ச் சரக்கு, ஏன்னா இலை வச்ச கம்பா கதையிலயே வருது, பழைய ஓவியத்துல பாம்பு உறுதியா இல்ல. ஆனா கிரேக்கர்கள் கிழக்கோட வியாபாரம் பண்ணிப் பண்ணி எழுத்துலேருந்து ஆபரணம் வரைக்கும் வாங்கிக்கிட்டவங்க, பின்னிய பாம்பு வடிவம் கண்ணுல படாமலா போயிருக்கும். வளைஞ்ச ரெண்டு நுனியைப் பார்த்ததும் அதுல பாம்பைப் பார்க்கிறதுக்குக் கண்ணு ஏற்கனவே பழகியிருந்துச்சுன்னு நினைக்கிறேன். முழு ஹெர்மீஸையும் பாபிலோன்லேருந்து இறக்குமதி பண்றது கொஞ்சம் ஓவர்.

ரோமுக்குப் போனதும் இந்தக் கோலுக்கு வியாபார வாசனை ஏறிடுச்சு. மெர்குரிங்கிற பேரே லத்தீன்ல சரக்குங்கிற சொல்லோட சேர்ந்ததுன்னு அவங்களே நினைச்சாங்க, கையில கோலோட பணப்பையும் வந்துடுச்சு. ரோம்ல கிமு 495ல கோயில் கட்டி மே 15ஆம் தேதி திறந்தாங்க, அன்னிக்கு வியாபாரிங்க திருவிழா. ஓவிட் அதைப் பத்தி எழுதுறதைப் படிக்கணும்: வியாபாரி ஒருத்தன் மெர்குரி ஊத்துத் தண்ணியை எடுத்துத் தலையிலயும் சரக்கு மேலயும் தெளிச்சுக்கிட்டு, இதுவரைக்கும் பண்ண பொய்ச் சத்தியத்தை எல்லாம் மன்னிச்சுடு, இனிமே பண்ணப் போறதையும் கண்டுக்காதே, லாபம் மட்டும் குடு, வாங்குனவனை ஏமாத்துன சந்தோஷத்தையும் குடுன்னு வேண்டிக்கிறான். மெர்குரி மேலேருந்து தன் பழைய மாட்டுத் திருட்டை நினைச்சு சிரிக்கிறார். "திருடனுங்க சாமி"ன்னு உங்க ஃப்ரெண்டு சொன்னது இந்த ரூட்லதான் வருது. சீனாவோட சுங்கத்துறைச் சின்னத்துல இன்னிக்கும் ஒரு சாவியும் இந்தக் கோலும் குறுக்க இருக்கு, அங்கதான் அது ரொம்பப் பொருத்தமா உக்காந்திருக்கு.

இப்ப ஒத்தப் பாம்புக்கு வருவோம். அஸ்க்லேபியஸ், அப்பல்லோவுக்கும் கொரோனிஸ்ங்கிற மனுஷப் பொண்ணுக்கும் பிறந்தவர். அம்மா சிதையில எரியும்போது அப்பா வந்து வயித்துலேருந்து குழந்தையை எடுத்தார், கைரான்ங்கிற பாதி குதிரை பாதி மனுஷக் குருகிட்ட வைத்தியம் படிச்சார். கடைசியில செத்தவனையே எழுப்ப ஆரம்பிச்சுட்டார். கிரேக்கக் கவிஞர் பிண்டார் சொல்றபடி தங்கத்துக்கு ஆசைப்பட்டு ஒருத்தனை எழுப்பினார், வரலாறு எழுதுன டியோடோரஸ் சொல்றபடி பாதாள ராஜா ஹேடீஸ் "எனக்கு ஆளே வரமாட்டேங்குது"ன்னு ஸீயஸ்கிட்ட கம்ப்ளெயின்ட் குடுத்தார், ஸீயஸ் இடியால அடிச்சுக் கொன்னுட்டார். ஆரம்பத்துல ஒரு உறவு இருக்குன்னு சொன்னேன்ல, அது இதுதான்: செத்தவங்களைப் பாதாளத்துக்கு ஓட்டிட்டுப் போறது ஹெர்மீஸ் வேலை, அங்கேருந்து திருப்பிக் கூட்டிட்டு வர்றது அஸ்க்லேபியஸ் வேலை. அக்கா எந்தக் கட்சின்னு போர்டு பார்த்து பேஷன்ட் தெரிஞ்சுக்கட்டும்.

இவர் கையில பாம்பு வந்ததுக்கும் ஹைஜீனஸ் ஒரு கதை வச்சிருக்கார். செத்துப்போன ஒரு பையனை எழுப்பச் சொல்லி இவரை அடைச்சு வச்சுட்டாங்க, கோலை ஊணிக்கிட்டு யோசிச்சுக்கிட்டு நிக்கும்போது ஒரு பாம்பு கோல்ல ஏறுச்சு, பதறி அடிச்சுக் கொன்னுட்டார், இன்னொரு பாம்பு வாயில ஒரு மூலிகையோட வந்து செத்த பாம்பு தலையில வச்சதும் ரெண்டும் சேர்ந்து ஓடிடுச்சு, அதே மூலிகையை வச்சு பையனை எழுப்பினார். (அப்பல்லோடோரஸ் இதே கதையைப் பாலிடஸ்ங்கிற வேற ஒரு குறிகாரர் பேர்ல சொல்றார், பையன் க்ரீட் ராஜா மகன் க்ளாக்கஸ்.) கதையை விடுங்க, நிஜத்துலயே கிரேக்கத்துல எபிடாரஸ்ங்கிற ஊர்ல இருந்த அஸ்க்லேபியஸ் கோயில்ல பாம்பு இருந்துச்சு. வியாதிக்காரங்க ராத்திரி அங்க ஒரு மண்டபத்துல படுத்துத் தூங்குவாங்க, கனவுல சாமி வந்து குணமாக்குவார். குணமான கதைகளைக் கல்லுல வெட்டி வச்சாங்க, ஏறத்தாழ எழுபது கதை நமக்குக் கிடைச்சிருக்கு, அதுல ஒருத்தன் கால்விரல்ல இருந்த புண்ணை அவன் தூங்கும்போது பாம்பு வந்து நக்கியே ஆத்திடுச்சாம். பவுசேனியஸ்ங்கிற பழைய கிரேக்கப் பயண எழுத்தாளர் நேர்ல போய்ப் பார்த்து எழுதியிருக்கார், தங்கமும் தந்தமும் வச்சு செஞ்ச சிலை, ஒரு கையில கோல், இன்னொரு கை பாம்புத் தலை மேல, பக்கத்துல ஒரு நாய் படுத்திருக்கு. அந்த ஊர்ப் பாம்பு மஞ்சளா, சாதுவா இருக்கும்னும் சொல்றார்.

ரோம்ல கொள்ளைநோய் வந்தப்ப எபிடாரஸ்லேருந்து ஒரு பாம்பைக் கப்பல்ல கூட்டிட்டு வந்தாங்க, அது டைபர் நதி நடுவுல இருக்கிற தீவுல இறங்குச்சு, கிமு 291 வாக்குல அங்க கோயில் எழும்புச்சு. தீவோட கரையைக் கப்பல் மாதிரியே கல்லால கட்டி வச்சாங்க, அந்தக் கல்லுல பாம்பு சுத்தின கோல் இன்னிக்கும் தெரியும். அதே தீவுல இப்பவும் ஒரு ஆஸ்பத்திரி ஓடிக்கிட்டிருக்கு.

ஒத்தப் பாம்புக்கு நரம்புச்சிலந்தி விளக்கமும் ஒண்ணு சுத்திக்கிட்டிருக்கு, காலுல கொப்புளம் கிளம்பி அதுலேருந்து நூல் மாதிரி புழு வெளிய வரும், ஒரு சின்னக் குச்சியில தினம் கொஞ்சம் கொஞ்சமா சுத்திச் சுத்தி எடுப்பாங்க, வயசானவங்களைக் கேட்டா தெரியும், 2000ல இந்தியாவுல அந்த நோய் இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சான்று குடுத்துச்சு. குச்சியில சுத்துன புழுதான் வைத்தியன் போர்டு, அதுதான் பாம்பாச்சுங்கிறாங்க. கேக்க நல்லா இருக்கு. ஆனா கோயில்ல நிஜப் பாம்பு நெளிஞ்சுக்கிட்டு இருக்கும்போது எதுக்குப் புழுவைத் தேடணும்? நான் நம்பல.

அப்புறம் எப்படி ரெண்டு கோலும் குழம்புச்சு? பாதிப் பழி அச்சகங்க மேல. 16ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல பாசல் நகரத்து ஃப்ரோபன்னு பெரிய அச்சகக்காரர், ரெண்டு பாம்பு சுத்தின கோல் மேல ஒரு புறா உக்காந்திருக்கிற மாதிரி முத்திரை வச்சுக்கிட்டார், "பாம்பைப் போல வினாவுள்ளவர்களும் புறாவைப் போல கபடற்றவர்களும்"ங்கிற பைபிள் வசனம் தெரியும்ல, அதான். சேதி கொண்டு போறவன் ஹெர்மீஸ், அதனால புத்தகம் போடுறவனுக்கு அந்தக் கோல் பொருத்தம். அதே அச்சகம் 1538ல ஹிப்போகிரடீஸ் வைத்திய நூல்களைக் கிரேக்கத்துல போட்டுச்சு. 19ஆம் நூற்றாண்டுல லண்டன்ல சர்ச்சில்னு ஒரு மருத்துவப் பதிப்பகம், அவங்க முத்திரையும் ரெண்டு பாம்பு, அந்தப் புத்தகங்க அமெரிக்காவுக்குப் போச்சு. டாக்டருங்க படிக்கிற புத்தகத்துல எல்லாம் இந்தக் கோல் இருந்தா அது டாக்டர் கோல்னு தோணாம என்ன பண்ணும்! இதோட ரசவாதமும் சேர்ந்துக்கிச்சு, பாதரசத்துக்கும் மெர்குரின்னுதானே பேரு.

அமெரிக்க ராணுவத்துல 1851லயே ஆஸ்பத்திரி ஊழியர் சட்டைக் கையில இந்தக் கோல் வந்துடுச்சு. ஆனா பெரிய ஆணி அடிச்சது 1902. ஃப்ரெடெரிக் ரெனால்ட்ஸ்னு ஒரு கேப்டன், மருத்துவப் பிரிவுக் காலர்ல இதைத்தான் வைக்கணும்னு விடாம எழுதிக்கிட்டே இருந்தார், அப்ப இருந்த தலைமை மருத்துவ அதிகாரி வேணாம்னுட்டார், அவர் ரிட்டயர் ஆகிப் புதுசா வந்தவர் சரின்னுட்டார். ரெண்டு உலகப் போர்ல லட்சக்கணக்கான பேர் அதைப் பார்த்தாங்க, அவ்ளோதான், ஊரெல்லாம் பரவிடுச்சு. அமெரிக்க டாக்டருங்க சங்கம் 1910லயே ஒத்தப் பாம்புக்கு மாறிடுச்சு, 1948ல உலக சுகாதார நிறுவனமும் ஒத்தப் பாம்பைத்தான் எடுத்துச்சு, ஆனாலும் கடை கண்ணியில ரெட்டைப் பாம்பை யாராலயும் அசைக்க முடியல. ஃப்ரீட்லாண்டர்ங்கிறவர் அமெரிக்காவுல 242 சின்னங்களை எண்ணிப் பார்த்து 1992ல எழுதினார்: டாக்டருங்க, நர்ஸுங்க மாதிரி தொழில்முறைச் சங்கங்கள்ல 62 சதவீதம் ஒத்தப் பாம்பு, வியாபார நிறுவனங்கள்ல 76 சதவீதம் ரெட்டைப் பாம்பு. வியாபாரிங்க அறியாமலே அவங்க சாமிகிட்ட போய்ச் சேர்ந்துட்டாங்க.

ரெனால்ட்ஸுக்காக ஒரு வார்த்தை சொல்லிடணும், எல்லாரும் அவரை முட்டாள்னு திட்டுறாங்க. கொஞ்ச வருஷம் கழிச்சு கேரிசன்னு ஒரு ராணுவ மருத்துவர், மருத்துவ வரலாறு எழுதுனதுல பெரிய பேர் எடுத்தவர், இப்படி ஒரு வாதம் வச்சார்: இது வைத்தியச் சின்னம் இல்லதான், ஆனா போர்க்களத்துல "நான் சண்டை போட வரல"ன்னு சொல்ற அடையாளம். யோசிச்சுப் பார்த்தா படகுல கோல் இல்லாம போன கொரிந்துக்காரனும், கிணத்துல விழுந்த பாரசீகத் தூதனும் கண்ணு முன்னாடி வர்றாங்க. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கிட்டு குண்டு மழைக்கு நடுவுல ஓடுறவன் சட்டையில அடிக்கக் கூடாதவனோட கோல், அதுல ஒரு நியாயம் இருக்குதான்.

ஆனா அக்கா கிளினிக் போர்க்களத்துல இல்ல. டிசைனர்கிட்ட சொல்லுங்க: ஒரு பாம்பு, கரடுமுரடா ஒரு கம்பு, ரெக்கையை எடுத்துடச் சொல்லுங்க. சந்தேகம் வந்தா ரோட்டுல போற ஆம்புலன்ஸைப் பார்க்கச் சொல்லுங்க, நீல நிறத்துல ஆறு முனை நட்சத்திரம் இருக்கும், நடுவுல இருக்கிறது ஒத்தப் பாம்புதான். அவர் ஸ்டாக் படம் தேடும்போது "மெடிக்கல் சிம்பல்"னு போட்டா மறுபடியும் ரெட்டைப் பாம்புதான் வந்து விழும், அதனால அஸ்க்லேபியஸ்னு போட்டுத் தேடச் சொல்லுங்க. போர்டு ஏற்கனவே பிரின்ட் ஆயிடுச்சுன்னா கவலைப்படாதீங்க, பேஷன்ட் யாரும் துசிடிடீஸ் படிச்சுட்டு வரப் போறதில்ல. பக்கத்துலயே மெடிக்கல் ஷாப்பும் வைக்கிற ஐடியா இருந்தா மட்டும் பழைய போர்டைத் தூக்கிப் போடாதீங்க, அதைக் கல்லாவுக்கு மேல மாட்டிக்கலாம்.